பெரிய மிருகத்துக்குச் சின்னக் கத்தி போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வேட்டைக் கத்திக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தக்கலைப் பக்கம் 31 வருடமாகக் கறிக்கடை வைத்திருக்கிறவன் நான். ஆடும் போத்துமாக (எருமைக்கடா) எத்தனை உரித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்: 'மிருகம் பெரிதானால் கத்தியும் பெரிதாக வேண்டும்' என்று அதில் சொல்லியிருப்பது தவறு.

அதற்கு முன் இன்னொன்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. கீரிப்பாறை, கோதையாறு மலைக்காட்டுப் பக்கம் மிளா என்கிற காட்டு மானின் கறி என்றால் இன்னும் நாக்கில் எச்சில் ஊறுகிற ஆட்கள் உண்டு. அடுத்த இதழில் நாலு வரி போட்டுவிடுங்கள்.

சரி, கத்திக்கு வருகிறேன். என் அக்கா மகன் கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில் வேலை பார்க்கிறான். அங்கே உரிமம் எடுத்து, சீசனில் முறைப்படி மான் வேட்டைக்குப் போகலாம். அவன் போவது எல்க் என்கிற பெரிய மானுக்கு. வளர்ந்த கடா 300 கிலோவுக்கு மேல் நிற்கும். அதைக் காட்டிலேயே வயிறு கீறிக் குடலை எடுத்து, தோலை உரித்து, துண்டு போட்டுத்தான் சுமந்துவர முடியும். குளிர் நாடுதானே என்று மெத்தனமாக இருந்தால் அந்தக் கனத்த தோலுக்குள் சூடு நின்று கறி கெட்டுப்போகும்.

அவனுடைய 7 இஞ்சுக் கத்தி முனை ஒடிந்துவிட்டது. "மாமா, இந்தத் தடவை 8 இஞ்சுல நல்ல கனமா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றான். "எதுக்குலே மக்கா, ஆனையையா உரிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு, பழைய கத்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

புதுக் கத்தி வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது கடையை அல்ல, பழைய கத்தியின் தேய்மானத்தை. அவன் கத்தியில் முனையை ஒட்டிய வளைவு தீட்டித் தீட்டி மெலிந்திருந்தது. பிடியை ஒட்டிய பாதியில் கம்பெனிக்காரன் போட்ட கூர் அப்படியே இருந்தது. அதாவது, 7 இஞ்சில் அவன் வேலை வாங்கியது மூன்றரை, நான்கு இஞ்சுதான். முனை ஒடிந்தது எதனால்? மூட்டுக்குள் விட்டு நெம்பியிருக்கிறான். கேட்டேன், ஒத்துக்கொண்டான்.

நீளக் கத்தி ஏன் ஆகாது என்பது வயிற்றுக்குள் கைவிட்டவனுக்குத் தெரியும். சின்னதாக ஒரு கீறல் போட்டு, இரண்டு விரலை உள்ளே நுழைத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து, நடுவில் கத்தியைக் கூர் மேலே பார்க்க வைத்து, உள்ளிருந்து வெளியே அறுத்துப் போக வேண்டும். அப்படிச் செய்தால் குடலும் கிழியாது, ரோமத்தை வெட்டிக் கூரும் மழுங்காது. விரலைத் தாண்டி நாலு இஞ்சு நீட்டிக்கொண்டிருக்கிற முனை எங்கே குத்துகிறது என்று யாருக்குத் தெரியும்? இரைப்பை கிழிந்தால் அந்த நாற்றம் கறியில் ஏறும். அப்புறம் மூச்சுக்குழலை அறுக்க நெஞ்சுக்கூட்டுக்குள் முழங்கை வரை கை போகும். அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு கை குழலைப் பிடித்திருக்க, மறு கை கத்தியோடு தடவிப் போகிறது. நீளக் கத்தியானால் அறுபடுவது சொந்த விரல்தான்.

கத்தியின் முதுகு மெல்லச் சரிந்து முனை கீழே இறங்கியிருக்கிற வடிவம் இந்த வேலைக்கு நல்லது. அமெரிக்காவில் கத்தி செய்வதில் பேர்போன பாப் லவ்லெஸ் பிரபலமாக்கிய வடிவம் அது. கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிற, முதுகில் கொக்கி வைத்த கத்தி எனக்குப் பிடிக்காது. கொக்கிக்குள் கொழுப்பும் ரோமமும் அடைத்துக்கொள்ளும், சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டவும் முடியாது. மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் போன ரத்தத்தைக் கழுவி எடுப்பதற்குள் விடிந்துவிடும். பிளேடு மாற்றுகிற கத்தி தோலுரிக்க அருமைதான். ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் பிளேடு ஒடியும், ஒடிந்த துண்டை ரத்தத்துக்குள் கைவிட்டுத் தேட வேண்டும். நெம்புகிற பழக்கம் உள்ளவனுக்கு அது வேண்டாம் என்றேன்.

இதுவரை நான் சொன்னதற்கெல்லாம் அவன் தலையாட்டினான். லாரி ஸ்பிரிங் பட்டையில் நம்ம ஊர்க் கொல்லரிடம் அடித்து, மரப்பிடி போட்டு ஒன்று அனுப்புகிறேன் என்றபோதுதான் மறுத்தான். அங்கே மான்களுக்கு மூளையைத் தாக்கி மெலியவைத்துக் கொல்லுகிற ஒரு நோய் இருக்கிறதாம். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் கையுறை போட வேண்டும், மூளையையும் முதுகுத்தண்டையும் வெட்டக் கூடாது, நோய் கண்ட மானின் கறியைச் சாப்பிடக் கூடாது என்று அறிவுறுத்துகிறார்கள். அந்த நோயை உண்டாக்குகிற கோளாறான புரதம் சமைத்தாலும் அழியாது. அதனால் கத்தியைக் கழுவியபின் பிளீச் கரைசலில் ஊறப்போடுகிறார்கள். என் பட்டைக் கத்தி அதில் துருப்பிடித்துப் பொரிந்துவிடும், மரப்பிடியும் உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு மனவருத்தம்தான், ஆனால் அவன் சொன்னது நியாயம்.

கடைசியில் வாங்கியது நான்கு இஞ்சு, மடங்காத, துருப்பிடிக்காத இரும்பு. வழுக்காத ரப்பர் பிடி, விரல் கூருக்கு நழுவாமல் இருக்க அடியில் ஒரு தடுப்பு. பிடி ஆரஞ்சு நிறம், சருகில் விழுந்தால் தேட வேண்டாம். இரும்பின் பெயர்களுக்குக் கட்டுரையில் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ரொம்பக் கடினமான இரும்பு எலும்பில் பட்டால் கூரில் பல் விழும், காட்டில் வைத்துத் தீட்டவும் மாட்டீர்கள். பைக்குள் ஒரு சின்னச் சாணைக்கல் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நவம்பரில் கூப்பிட்டான். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். "மாமா, பித்தப்பையை உடைச்சிராதேன்னு அவ்வளவு சொன்னீங்களே, தேடித் தேடிப் பார்த்தேன், ஈரல்ல பித்தப்பையையே காணல" என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் கடைக்கு வந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எல்க்குக்கெல்லாம் பித்தப்பையே கிடையாது என்றார்.

இப்படிக்கு,
ஒரு கறிக்கடைக்காரர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.