கூடையைக் கவுத்துப் பாத்து எழுதுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

பாலக்கோட்டுலருந்து எழுதறேன், இருபத்தி ஆறு வருஷமா தக்காளி மண்டியில கணக்கு எழுதறவன். அமெரிக்காவுல 2028-ல யாரு யாரு ஜனாதிபதிக்கு நிப்பாங்கன்னு நம்ம பேப்பருங்கள்ல வர்ற செய்தியை ஒண்ணு விடாம படிக்கறேன், ஆனா படிச்சு முடிச்சா மனசு ஆற மாட்டேங்குது, ஏன்னா எல்லாத்துலயும் ஒரே கேள்விதான் இருக்குது, இவங்க நம்மாளா, இவங்க தாத்தா ஊரு எது, இவரு சம்சாரத்தோட அப்பா அம்மா ஆந்திராவா. அந்த ஆளுக்கு என்ன பலம், எங்க ஓட்டை, இதுவரைக்கும் என்ன நிர்வாகம் பண்ணிருக்காரு, எந்தப் பக்கம் ஓட்டு விழும் எந்தப் பக்கம் விழாது, இதை யாரும் எடுத்து வெச்சு எழுதறதில்லைங்க.

இதுல உனக்கென்னப்பா அக்கறைன்னு கேக்கலாம். என் பையன் அங்கதான் வேலையில இருக்கான். 2025 செப்டம்பர்ல புது எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு அறிவிச்ச அன்னிக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் தூங்கல. அதுக்கு முந்தின மாசம் இந்தியப் பொருளுக்கு 50 சதவீதம் வரின்னு வந்தப்ப, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில வேலை செய்யற என் மச்சான் அடுத்த வாரம் வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியாம திண்ணையில உக்காந்துட்டு இருந்தாரு. வாஷிங்டன்ல போடற கையெழுத்து பர்கூர் வரைக்கும் வருதுங்க, அப்ப அந்தக் கையெழுத்தைப் போடப்போறவங்களை நாமளும் ஒழுங்கா எடை போடத் தெரிஞ்சுக்கணும்தானே.

எங்க மண்டியில காலையில கூடை வந்து இறங்கும், மேல் வரிசையில எல்லாம் செக்கச்செவேல்னு பழமா அடுக்கி இருக்கும், அதைப் பாத்து எந்த வியாபாரியும் ஏலம் கேக்க மாட்டாரு. நடுவுல இருந்து ஒரு கூடையை இழுத்து சாக்கு மேல கவுத்துடுவாரு. அடியில காயா இருக்கா, வெடிச்சது எத்தனை, புள்ளி விழுந்தது எத்தனைன்னு பாத்துட்டுதான் வாயைத் தொறப்பாரு. அமெரிக்காவுல கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தற பிரைமரின்னு ஒண்ணு இருக்குதே, அது இந்தக் கவுத்துப் பாக்கற வேலைதான்னு நான் கண்ணால பாத்துட்டு வந்தவன்.

2020 ஜனவரியில பையன் வீட்டுக்குப் போயிருந்தேன், அயோவா மாநிலம், டி மாய்ன் பக்கம், முழங்கால் அளவு பனி. பக்கத்து வீட்டுல ஒரு அம்மா, ரிட்டயர்டு டீச்சர், எழுபது வயசுக்கு மேல இருக்கும். பிப்ரவரி 3-ந் தேதி ராத்திரி எங்களை ஜனநாயகக் கட்சியோட காக்கஸ் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க, பிரைமரிக்குப் பதிலா கட்சிக்காரங்க கூட்டம் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கறது அது. ஓட்டு இல்லாதவங்க ஓரமா உக்காந்து வேடிக்கை பாக்கலாம். பள்ளிக்கூடத்துல ஒரு பெரிய ஹால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, யாருக்கு ஆதரவோ அந்த மூலையில போய் எல்லாரும் பாக்க நிக்கணும், தலையை எண்ணுவாங்க, வந்த கூட்டத்துல 15 சதவீதம் சேரலைன்னா அந்த மூலை கலைஞ்சு வேற மூலைக்குப் போகணும் இல்லைன்னா ஆளைச் சேத்துக்கணும். டீச்சரம்மா நின்னது ஏமி க்ளோபுஷார்னு ஒரு செனட்டர் மூலையில. ஆள் பத்தல. உடனே மத்த மூலையில இருந்தெல்லாம் அதே தெருக்காரங்க ஓடி வந்து பேசறாங்க, எங்க ஆளு ஏன் பரவால்ல, உங்க சந்தேகம் என்னன்னு. ஒரு சத்தம் இல்ல, சண்டை இல்ல, காசு இல்ல.

அந்தம்மா கையில ஒரு சின்ன நோட்டு வெச்சிருந்தாங்க. பக்கத்துக்கு ஒரு வேட்பாளர், நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் நல்லது அந்தப் பக்கம் கெட்டது. வேட்பாளருங்க அஞ்சு பேரை நேர்லயே பாத்து கேள்வி கேட்டிருக்காங்க, டீக்கடை மாதிரி இடத்துலயே வந்து உக்காந்து பேசுவாங்களாம் அங்க. வீட்டுக்கு வர்ற வழியில என்னைக் கேட்டாங்க, உங்க ஊர்ல நீங்க ஓட்டு போட்டவரை வேட்பாளரா யாரு தேர்ந்தெடுத்தாங்கன்னு. பையன் மொழிபெயர்த்துச் சொல்றான், எனக்குப் பதில் வரல.

அன்னிக்கு ரிசல்ட் சொல்ல வெச்சிருந்த ஆப் சொதப்பி நாள்கணக்குல முடிவு வரல, அது வேற கதை. வந்தப்ப பாத்தா கட்சி மாநாட்டுக்குப் போற பிரதிநிதி கணக்குல, மேயரா இருந்த பீட் பூட்டிஜெஜ் மயிரிழையில முன்னாடி, பைடன் நாலாவது. அடுத்து நியூ ஹாம்ப்ஷயர்ல பைடன் அஞ்சாவது. ஆளு முடிஞ்சாருன்னு எல்லாரும் சொன்னாங்க. பிப்ரவரி 29-ல சவுத் கரோலினாவுல கருப்பின மக்கள் ஓட்டு நிறைய இருக்கற இடத்துல அவரு பாதிக்குப் பக்கமா அள்ளிட்டாரு, அங்க பூட்டிஜெஜுக்கு பத்து சதவீதம்கூட வரல, மறுநாளே விலகிட்டாரு. பாருங்க, ஒருத்தரோட பலமும் ஒருத்தரோட ஓட்டையும் ஒரே மாசத்துல வெளிய வந்துடுச்சு. பூட்டிஜெஜ் பேச்சு இன்னிக்கும் அருமையா இருக்கும், எதிர்க்கட்சிக்கு ஆதரவான டிவியில போய் உக்காந்து அவங்களையே கேக்க வெப்பாரு, மந்திரியாவும் இருந்துட்டாரு, ஆனா மாநில அளவுல ஒரு தேர்தல்லயும் ஜெயிச்சதில்ல, 2010-ல இண்டியானாவுல நின்னு தோத்தவரு, அந்த சவுத் கரோலினா ஓட்டையை அடைச்சாரா இல்லையான்னு பாக்காம அவரை முதல் வரிசையில வெக்க எனக்கு மனசு வரல.

இப்ப கமலா ஹாரிஸ் விஷயத்துக்கு வர்றேன். அவங்க அம்மா சியாமளா கோபாலன் நம்ம தமிழ்நாட்டுக்காரங்க, கமலாவோட தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல பூஜை போட்டதெல்லாம் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா நம்ம பேப்பருங்க எழுதாத ஒண்ணு இருக்குது. 2019 டிசம்பர் 3-லயே, ஒரு ஓட்டுகூட விழறதுக்கு முன்னாடியே அவங்க போட்டியில இருந்து விலகிட்டாங்க, நான் அயோவா போனப்ப அவங்களுக்கு மூலையே இல்ல. 2024 ஜூலை 21-ல பைடன் ஒதுங்கினதும் பிரைமரி இல்லாமலே சீட்டு வந்துடுச்சு. கவுத்துப் பாக்காத கூடைங்க அது. அக்டோபர்ல ஒரு டிவி நிகழ்ச்சியில பைடன்கிட்ட இருந்து நீங்க என்ன வேற மாதிரி செஞ்சிருப்பீங்கன்னு கேட்டாங்க, எதுவும் தோணலைன்னுட்டாங்க. அந்தக் கேள்வி அயோவாவுல ஒரு டீச்சரம்மா வாயில இருந்து ஜனவரியிலயே வந்திருந்தா அதுக்கு ஒரு நல்ல பதில் தயார் ஆகியிருக்கும், இல்ல கட்சி வேற ஆளைப் பாத்திருக்கும். கடைசியில இழுபறி மாநிலம் ஏழுலயும் தோத்தாங்க. அவங்க திறமைசாலி, எதிராளியை விவாதத்துல மடக்கத் தெரிஞ்சவங்க, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. திரும்ப வந்தா முழு பிரைமரியில நின்னு வரட்டும்னுதான் சொல்றேன்.

கலிபோர்னியா கவர்னர் நியூசமைப் பத்தி ரொம்பப் பேரு பேசறாங்க. 2021-ல பதவியில இருந்து இறக்கறதுக்குன்னே ஒரு ஓட்டெடுப்பு வெச்சாங்க, 62 சதவீதம் பேரு வேண்டாம், அவரே இருக்கட்டும்னாங்க, அது சாதாரணம் இல்ல. டிரம்ப்போட நேருக்கு நேர் மோதறதுக்குப் பயப்படாத ஆளு, 2025 நவம்பர்ல தொகுதி எல்லை மாத்தற ஓட்டெடுப்பையும் ஜெயிச்சுக் காட்டினாரு. ஆனா அவரு மாநிலத்துல வீடு இல்லாம ரோட்டுல படுத்திருக்கற ஜனங்களும் வீட்டு வாடகையும் எதிராளிக்கு லட்டு மாதிரி, கொரோனா நேரத்துல ஜனங்களைக் கூடாதீங்கன்னு சொல்லிட்டு இவரு பெரிய ஓட்டல் விருந்துல உக்காந்திருந்ததும் யாரும் மறக்கல.

எனக்குப் பிடிச்சது பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷபீரோ, காரணம் ரோடு. 2023 ஜூன் 11-ல பிலடெல்பியாவுல டேங்கர் லாரி தீப்பிடிச்சு ஐ-95 நெடுஞ்சாலை மேம்பாலம் இடிஞ்சு விழுந்துச்சு. மாசக்கணக்குல ஆகும்னாங்க, ராத்திரி பகலா வேலை செஞ்சு 12 நாள்ல தற்காலிகப் பாதை போட்டு வண்டி விட்டுட்டாங்க. தொப்பூர் கணவாய்ல வண்டி கவுந்து எத்தனை வீட்டுல விளக்கு அணைஞ்சுதுன்னு தெரிஞ்ச நமக்கு இதோட அருமை தெரியும். அந்த மாநிலம் 2016-லயும் 2024-லயும் டிரம்ப்புக்குப் போன மாநிலம், ஜனாதிபதியை முடிவு பண்ற எலெக்டர் ஓட்டு 19 இருக்குது, அங்க 2022-ல இவரு 15 பாயிண்ட் கிட்ட வித்தியாசத்துல ஜெயிச்சாரு. அதையும் கவுத்துப் பாக்கணும்தான். எதிர்ல நின்னவரு 2020 தேர்தல் முடிவையே ஏத்துக்காத, சொந்தக் கட்சிப் பெரியவங்களே தள்ளி நின்ன ஆளு. பலமான எதிரி நின்னா இவருக்கு எத்தனை வரும்? இஸ்ரேல் விஷயத்துல இவரு பேசினதுக்கு கட்சியில இளவட்டங்க பல பேருக்குக் கோபம், பிரைமரியில அது இவருக்கு இடைஞ்சலா வரலாம்.

மிச்சிகன் கவர்னர் விட்மரும் ரோட்டைப் போடறேன்னு சொல்லியே ஜெயிச்சு வந்தவங்க, ரெண்டு தடவை நல்லா ஜெயிச்சவங்க, ஆனா 2025 ஏப்ரல்ல வெள்ளை மாளிகையில டிரம்ப் ரூம்ல கேமராவுக்குப் பயந்து முகத்தை ஃபைலால மறைச்ச போட்டோ ஒண்ணு போதும், எதிராளி போஸ்டர் அடிச்சுடுவான்.

அந்தப் பக்கம், குடியரசுக் கட்சியில, டிரம்ப் ரெண்டு தடவை ஜெயிச்சாச்சு, சட்டப்படி இன்னொரு தடவை தேர்ந்தெடுக்க முடியாது, அதனால துணை ஜனாதிபதி வான்ஸ்தான்னு முடிவு பண்ணின மாதிரி எழுதறாங்க. வயசு இருக்குது, டிரம்ப் ஆளுங்க கைவிட மாட்டாங்க, அது பெரிய பலம். ஆனா 2022-ல ஒஹாயோவுல ஒரே நாள் ஒரே வாக்குச்சாவடியில அவரு கட்சி கவர்னர் 25 பாயிண்ட்ல ஜெயிச்சப்ப இவரு செனட்டுக்கு 6 பாயிண்ட்லதான் ஜெயிச்சாரு. கட்சிக்கு விழுந்த ஓட்டு இவருக்கு விழல. துணை ஜனாதிபதியா இருந்துட்டே நின்னவங்களுக்கு ராசியும் கம்மி, 1960-ல நிக்சன், 1968-ல ஹம்ப்ரி, 2000-ல அல் கோர், 2024-ல கமலா எல்லாம் தோத்தாங்க, நடுவுல 1988-ல பெரிய புஷ் ஒருத்தர்தான் ஜெயிச்சாரு, ஏன்னா மேல இருக்கறவரோட பழியெல்லாம் இவங்க தலையில வந்து விழும். ரூபியோவை 2016 பிரைமரியிலயே கவுத்துப் பாத்தாச்சு, மேடையில சொன்ன வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி மாட்டினாரு, சொந்த மாநிலம் புளோரிடாவுலயே தோத்தாரு. அதுக்கப்புறமும் செனட்டுல இருந்து, இப்ப வெளியுறவு மந்திரின்னு பழகி வந்திருக்காரு, அதையும் சேத்துதான் பாக்கணும்.

நம்ம ஊருக்கு வாங்க. தருமபுரியில அஞ்சு தொகுதி, கிருஷ்ணகிரியில ஆறு. எல்லாக் கட்சியிலயும் விருப்ப மனு வாங்கறாங்க, பணம் கட்டறாங்க, சென்னையில நேர்காணல்னு போயிட்டு வர்றாங்க, திடீர்னு ஒரு ராத்திரி லிஸ்ட் வருது, இல்லைன்னா தொகுதியே கூட்டணிக்குப் போயிடுது. நாப்பது வருஷம் கொடி பிடிச்ச பூத் ஆளைக்கூட ஒரு வார்த்தை கேக்கறதில்லைங்க. எங்க ஜனங்களுக்கு எடை போடத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, 1991-ல ஜெயலலிதாவை ஜெயிக்க வெச்ச அதே பர்கூர்தான் 1996-ல அவங்க முதலமைச்சரா இருக்கறப்பவே தோக்கடிச்சுது. ஆனா எங்க கைக்குக் கூடை வர்றது எல்லாம் முடிஞ்ச பின்னாடிதான்.

அதனால ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ரெண்டு கோரிக்கை. அமெரிக்க வேட்பாளருங்களைப் பத்தி வாரத்துக்கு ஒருத்தர்னு அரைப் பக்கம் போடுங்க, பூர்வீகம் கடைசி வரியில இருந்தா போதும், நிர்வாகம் என்ன, எத்தனை ஓட்டுல ஜெயிச்சாரு, யாரை எதிர்த்து ஜெயிச்சாரு, எதுல வழுக்கினாருன்னு எழுதுங்க. அதே மாதிரி நம்ம பதினோரு தொகுதிக்கும் விருப்ப மனு கொடுக்கற காலத்துலயே, லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே, எந்தக் கட்சியா இருந்தாலும் பேரு அடிபடறவங்க எல்லாரையும் பத்தி எழுதுங்க. பாலக்கோடு தொகுதிக்கு வேணும்ங்கற விவரத்தை நானே கேட்டு எழுதி அனுப்பறேன், மண்டிக்கு அம்பது ஊரு ஆளு வந்து போறாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.