மானிப்பாய்ப் பெரியவர்கள் பட்டியலில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் யாழ்ப்பாணத்து மானிப்பாயின் புகழ்பெற்றவர்கள் என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். எங்கள் ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் வாசித்து முடித்தபோது கலியாணக் கார்டில் மாப்பிள்ளை வீட்டாரின் பட்டங்களை வாசித்த மாதிரித்தான் இருந்தது. நீதிபதி, பொறியியலாளர், லண்டனில் டொக்டர், ரொறன்ரோவில் கணக்காளர். எல்லாரும் படித்து முன்னுக்கு வந்தவர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களில் அநேகர் செய்த வேலைக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடுப்பு என்று கேட்டால் பிறந்த பதிவுத் துண்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தப் பதிவுத் துண்டிலும் ஒரு பிழை. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் மானிப்பாயில் பிறந்தவர்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இருவரும் கொழும்பில் பிறந்தவர்கள். மூத்தவர் 1851இல், இளையவர் 1853இல். தகப்பனார் பொன்னம்பல முதலியார்தான் மானிப்பாயார். தகப்பன் வழியில் உரிமை கொண்டாடுவது நம் வழக்கம், கொண்டாடட்டும். ஆனால் பிறந்த ஊர்தான் கணக்கென்றால் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவை நாம் மலேசியாவில் உள்ள ஈப்போவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிவரும். 1898இல் அவர் பிறந்தது அங்கேதான். அவரைத் தங்கள் ஊரார் என்று சொல்லும் தெல்லிப்பழைக்காரர் சம்மதிப்பார்களா?

கட்டுரையில் எனக்கு ஒத்துவராத இன்னொரு விஷயம், வசதியான ஊர் என்பதால்தான் இத்தனை பெரியவர்கள் வந்தார்கள் என்ற முடிவு. ஊரில் வசதி உண்டு, மறுக்கவில்லை. மலாயா றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்தவர்களின் பென்சனில் எழும்பிய நாற்சார் வீடுகளும், பிறகு வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடிகளும் ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கின்றன. கறுப்புக் கிறனைற்றில் பெயர் பொறித்த மதில், பூட்டிய கேற், உள்ளே தண்ணீர் விட ஒரு பொடியன். உங்கள் படப்பிடிப்பாளரும் அந்தக் கேற்றுகளைத்தான் விரும்பி எடுத்திருக்கிறார். ஆனால் மானிப்பாயின் பெயர் வெளியே போனது மலாயாக் காசு வருவதற்கு முன்பே.

அது போனது அகராதியோடு. அமெரிக்க மிஷன் அச்சகம் மானிப்பாயில் இருந்த காலம் அது. 1842இல் அங்கே அச்சான யாழ்ப்பாண அகராதியை ஊரின் பெயரால் மானிப்பாய் அகராதி என்றே சொல்வார்கள். ஏறக்குறைய 58,500 சொற்கள். அந்தக் காலத்தில் தமிழுக்குத் தமிழே பொருள் சொல்லும் அகராதி அவ்வளவு பெரிதாக வேறு எது இருந்தது? தொகுத்தவர்களில் முக்கியமானவர் சந்திரசேகர பண்டிதர். அவர் உடுவில். அதனால் உடுவில்காரர் சண்டைக்கு வரலாம். அச்சு எங்களது, பண்டிதர் உங்களது என்று சமாதானமாகப் போய்விடலாம்.

அடுத்தவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். உங்கள் கட்டுரையில் இவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லும்போது. அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்து மனிதர். பிறந்தது 1822, ஆறுமுக நாவலர் பெருமான் பிறந்த அதே ஆண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியத்தோடு மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பிக்கவும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல். இடையில் ஐந்து வருடம் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பியதைக் கழித்தால், 1873இல் கடைசியாகப் புறப்படும் வரை அவர் இங்கேதான் இருந்தார்.

முதலில் இங்கிலீசில்தான் படிப்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்கு அவர் கண்ட காரணம் இன்றைக்கும் உறைக்கும்: இங்கிலீசில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் நின்று ஊர்ச் சனத்துக்கு வைத்தியம் பார்ப்பான். தமிழில் புத்தகம் இல்லையே? அவரும் டான்வர்த், சப்மன், போல் என்ற அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து புத்தகங்களை உண்டாக்கினார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம், எல்லாரும் நம்மவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளிகளின் பெயரை வைப்பது அப்போதைய வழக்கம். 

உடற்கூறு சொல்லும் அங்காதிபாதம் அதற்கு முன்பே, 1852இல் வந்துவிட்டது. சத்திர சிகிச்சைக்கு இரணவைத்தியம், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம், உடல் இயங்கும் விதத்துக்கு மனுஷ சுகரணம் என்று பின்னால் வரிசையாக வந்தன. ஊருக்குத் திரும்பிய பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே பிரதிகளைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டார், அப்படியே பொறித்திருக்கிறார்கள். இந்த மனிதரை மானிப்பாயார் என்று சொல்லாவிட்டால் யாரைச் சொல்வது?

என் கணவரின் பாட்டனார் நாட்டு வைத்தியத்தோடு இங்கிலீசு வைத்தியமும் கொஞ்சம் பார்த்தவர். அவருடைய இரணவைத்தியப் புத்தகம் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. முதல் பக்கங்களைச் செல் தின்றுவிட்டது. முறிந்த கைக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்று சொல்லும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கணக்கு எழுதியிருக்கிறார்: குரக்கன் இரண்டு கொத்து, முருங்கைக்காய் ஒரு கட்டு, மிச்சம் தைக்குப் பிறகு. கை முறிந்தவன் கொடுத்த கூலி போலும். கடன் தீர்ந்ததா என்று தெரியாது, வெட்டிவிட்ட கோடு ஒன்றையும் காணவில்லை.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை என்ற பெயரே கட்டுரையில் இல்லை. அபிதான கோசத்தை 1902இல் வெளியிட்ட மானிப்பாயார். புராண, இலக்கியப் பெயர்களையும் புலவர்களையும் அகர வரிசையில் அடுக்கிப் பொருள் சொன்ன முதல் தமிழ் நூல் அது. எல்லாரும் மேற்கோள் காட்டும் அபிதான சிந்தாமணி வந்தது 1910இல். 1912இல் யாழ்ப்பாணச் சரித்திரமும் அவர் எழுதினார். இவ்வளவு செய்தவருக்கு முழுப்பக்கக் கட்டுரையில் ஒரு வரிக்கும் இடமில்லையா?

சுவாமி ஞானப்பிரகாசரையும் காணவில்லை. அது ஏன் என்று விளங்குகிறது. நல்லூர் ஞானப்பிரகாசர் என்றே பேர் நிலைத்துவிட்டது, அச்சுவேலியாரும் தங்கள் பிள்ளை என்பார்கள். வளர்ந்தது அங்கே, குருவாக இருந்தது நல்லூரில். ஆனால் 1875இல் பிறந்தது மானிப்பாயில், ஒரு சைவக் குடும்பத்தில், வைத்திலிங்கம் என்ற பெயரோடு. சொற்பிறப்பு ஒப்பியல் தமிழகராதி என்று அவர் 1938இல் வெளியிடத் தொடங்கியது முற்றுப்பெறாமலே 1947இல் காலமானார்.

அகராதி, மருத்துவ நூல், அபிதான கோசம், மறுபடி ஓர் அகராதி. நூறு வருட இடைவெளிக்குள் ஒரு சின்ன ஊரைச் சுற்றி நடந்தவை இவை. இவர்களில் ஒருவரும் பெரிய மதில் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. இந்தப் பக்கம் எழுதப்பட்டிருந்தால் பிள்ளைகளுக்கும் வாசிக்க ஏதாவது இருந்திருக்கும்.

ஹன்டி பேரின்பநாயகத்தையும் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபர் என்று மட்டும் போட்டால் போதுமா? 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசான இயக்கத்தின் முன்னோடி அவர். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்ததில் அவர்களுடைய பங்கு பெரிது. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று அப்போதே பேசியவர்கள் அவர்கள். அவர்கள் முன்னின்று நடத்திய 1931 தேர்தல் புறக்கணிப்பு சரியா பிழையா என்று இன்னும் வாதாடலாம், அதற்கு இந்தக் கடிதம் காணாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. 1981இல் யாழ் நூலகத்தோடு 97,000 வரையான நூல்கள் எரிந்தன. மேலே சொன்ன பழைய பதிப்புகளில் மிஞ்சியவை வீட்டுப் பெட்டகங்களிலும் பரண்களிலும்தான் இருக்கும். அந்த வீடுகளில் பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் விடுமுறைக்கு வரும்போது தளபாடத்தோடு சேர்த்துப் பழைய கடதாசிக்காரனுக்குப் போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து உங்கள் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு, பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். நூலகம் நிறுவனத்தார் பழைய நூல்களை மின்படியாக்கி எல்லாரும் வாசிக்க இணையத்தில் ஏற்றிவைக்கிறார்கள். செல் தின்ற எங்கள் புத்தகத்தையும் அவர்களிடம் கொடுக்க வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு உடுவில் வருகிறது என்று போட்டிருந்தீர்கள். சந்திரசேகர பண்டிதரை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சகமும் தங்களுடையதுதான் என்று யாராவது எழுதினால் அந்தக் கடிதத்தையும் பிரசுரியுங்கள், பதில் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மானிப்பாய்.