தாலியோடு பாஸ்போர்ட் வராது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் உங்கள் பத்திரிகையின் மணமக்கள் பக்கம் மடித்து இருந்தது. “மணமகன் பிரெஞ்சு நேஷனாலிட்டி, மணமான உடன் பெண்ணுக்கும் பாஸ்போர்ட்” என்ற விளம்பரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். பெண் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் 60 பவுன் கேட்கிறார்களாம். வில்லியனூர் பக்கம் இருக்கும் மனையை விற்றால்தான் முடியும். விற்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்க வந்தார்கள். நான் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டு மருமகள், பிரெஞ்சுக் குடிமகள், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்திருக்கிறார்கள்.

அவர்களிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். அதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் வயது 74. எழுத்தில் தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் அதை ஏற்று நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதம் தவணை. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அதற்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், கொடுக்காதவர்கள் இந்தியர். என் மாமனார் எழுதிக் கொடுத்தவர். இந்தோசீனா வரை போய்ப் பணியாற்றிய சொல்தா. அதனால் என் கணவரும் பிரெஞ்சுக்காரர். எங்கள் வீட்டில் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை, நாங்கள் இந்தியர். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு, இரண்டு தேசம்.

1971-ல் எனக்குக் கல்யாணம். கடற்கரைச் சாலை மேரியில், அதாவது நகராட்சிக் கட்டடத்தில், கையெழுத்துப் போட்டோம். (அந்தப் பழைய கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தபோது நான் போய்ப் பார்த்து அழுதேன். இப்போது நிற்பது திரும்பக் கட்டியது.) அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி, பிரெஞ்சுக்காரரை மணக்கும் வெளிநாட்டுப் பெண் மணம் முடிந்த நொடியிலேயே பிரெஞ்சுக்காரி. தேர்வு கிடையாது, காத்திருப்பு கிடையாது. எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு ‘போன்ழூர்’, ‘மெர்சி’ இரண்டே வார்த்தை. என் பெயர் ஏறிய லிவ்ரே, அதாவது குடும்பப் புத்தகம், இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

1973 ஜனவரியில் வந்த சட்டம் அதை நிறுத்திவிட்டது. மணம் செய்தால் தானாகக் குடியுரிமை வராது, விரும்புகிறவர் அறிவிப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று ஆயிற்று. 1975-ல் வாழ்க்கைப்பட்ட என் ஓரகத்தி அப்படி எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினாள். பிறகு அதற்கும் காத்திருப்பு வந்தது. 1984-ல் ஆறு மாதம், 1993-ல் இரண்டு வருஷம், நடுவில் ஒருமுறை குறைத்தார்கள், 2006-லிருந்து நான்கு வருஷம். மணமான பிறகு பிரான்சில் மூன்று வருஷம் தொடர்ந்து இருக்கவில்லை என்றால், தம்பதி வெளிநாட்டில் இருந்த காலத்தில் கணவன் பெயர் பிரெஞ்சு கான்சுலேட் பதிவேட்டில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். அதுவும் இல்லை என்றால் ஐந்து வருஷம். அந்தக் காலம் முழுவதும் இருவரும் ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும், அதற்கும் சான்று. கூடவே மொழித் தேர்வு. ஆகவே ‘மணமான உடன்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது 1973-லேயே செத்துப்போன சட்டம்.

இப்போது என் மருமகள் கதை. பெயர் வேண்டாம். விழுப்புரம் பக்கத்து கிராமத்துப் பெண். 2019 பிப்ரவரியில் என் கடைசி மகனுக்குக் கட்டி வைத்தோம். கல்யாணத்துக்கு முன்பே கான்சுலேட்டில் திருமணத் தகுதிச் சான்று வாங்கிவிட்டோம். இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், அறிவிப்பு ஒட்டிப் பத்து நாள் வைப்பார்கள். இதைச் செய்யாமல் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிறவர்கள் பின்னால் படும் பாடு எனக்குத் தெரியும். இந்தியாவில் பதிவான திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அது ஏறாமல் மனைவி என்ற விசா இல்லை.

அக்டோபரில் அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த நீண்டகால விசாவுக்குக் கட்டணம் இல்லை, முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். இது நல்ல சட்டம், மறைக்காமல் சொல்கிறேன். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவைப் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் சிக்கல். அரசு அவளுக்கு 400 மணி நேரம் இலவச பிரெஞ்சு வகுப்பு விதித்தது. விசா ஒரு வருஷம், அடுத்து அங்கே தங்குவதற்கான இரண்டு வருஷத்துக் கார்டு, மூன்று வருஷம் முடிந்ததும் பத்து வருஷக் கார்டுக்கு விண்ணப்பித்து வாங்கினாள். அதற்கு அப்போது ஏ-2, அதாவது எளிய அன்றாடப் பேச்சு அளவுப் பிரெஞ்சு போதும். 2026-லிருந்து அதே கார்டுக்கு அடுத்த படியான பி-1 வேண்டும். இரண்டு வருஷத்துக் கார்டுக்கே ஏ-2 வேண்டும். இந்தப் படிகளை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. பாஸ்போர்ட் என்ற ஒரே வார்த்தைதான் காதில் விழுகிறது. பெண்ணுக்கு முதலில் கிடைப்பது தங்கும் உரிமை, குடியுரிமை அதற்கு எவ்வளவோ தூரம் தள்ளி.

2024 கோடையில் மூன்று மாதம் அவர்களோடு பாரிஸ் பக்கத்து லா கூர்நெவில் இருந்தேன். அவள் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறாள். விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்தால்தான் ஆபீஸ்காரர்கள் வருவதற்குள் மூன்று மாடி முடியும். பத்து மணிக்குத் திரும்பி வந்து சமையல், பிள்ளை, மாலையில் இன்னொரு கட்டடம். அடுக்களை முழுக்க மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி மேல், அலமாரிக் கதவில், எண்ணெய் டப்பா மேல்கூட. ‘இல் ஃபோ க’ (‘செய்ய வேண்டும்’ என்பது போல) என்று ஆரம்பித்தால் அடுத்து வரும் வினைச்சொல் உருமாறுமாம். தோசையைத் திருப்பிக்கொண்டே அதை முணுமுணுப்பாள். மூன்று வயதுப் பேத்தி நடுவில் நின்று, “இல்லம்மா, இப்படி” என்று திருத்துவாள். பேத்தி பிறந்த அன்றே பிரெஞ்சுக்காரி, தகப்பன் பிரெஞ்சுக்காரன் என்பதால்.

அந்த வருஷம், குடியுரிமைக்கு அப்போது கேட்ட பி-1 தேர்வில் அவளுக்கு 46 மதிப்பெண், தேற 50 வேண்டும். பேசுவதில் குறை இல்லை, எழுத்தில்தான் போயிற்று. 2025 நவம்பரில் மறுபடி எழுதி 63 வாங்கினாள். தொலைபேசியில் அவள் அழுததும் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. இங்கே ஓர் அலுவலகத்தில் அது ஆறு வாரம் கிடந்தது. நானே ஐந்து முறை போய் நின்றேன். கையில் கிடைத்து, அங்கே அனுப்பி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முடித்துத் தருவதற்குள் டிசம்பர் 31 போய்விட்டது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் குடியுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு படி மேலான பி-2 வேண்டும். 2024 ஜனவரியில் போட்ட குடியேற்றச் சட்டத்தின் வழியாக வந்த விதி இது. அவள் மறுபடி முதலிலிருந்து.

பி-2 என்றால் என்ன என்று மகனைக் கேட்டேன். எழுத்துத் தேர்வில் 250 வார்த்தையில் ஒரு விஷயத்தை எடுத்து வாதாட வேண்டுமாம். மேயருக்கோ பத்திரிகை ஆசிரியருக்கோ கடிதம் எழுதச் சொல்வார்களாம். ஐயா, இதோ என் தாய்மொழியில் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. விடியற்காலை எழுந்து தரை துடைக்கும் பெண்ணிடம், பிறத்தியார் மொழியில் இதை ஒரு மணி நேரத்தில் செய் என்கிறார்கள்.

மொழி கற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் கணவன் வாயைப் பார்த்து நிற்காமல் இருக்க, அவளுக்கு அது ஆயுதம். பி-1 நியாயம். பி-2 படித்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும் திறக்கும் கதவு. பிரான்சில் ஒருநாளும் குடியிருக்காத நான் இங்கே கான்சுலேட்டில் பிரெஞ்சு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறேன். அங்கே வரி கட்டி வேலை செய்யும் அவளுக்கு 2026 மார்ச் மேயர் தேர்தலிலும் ஓட்டு இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

மகன் குடியிருக்கும் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருக்கிறாள். கணவருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட், வேலைக்காகப் பாரிஸ் வந்தவர். 2004-ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு ஒன்றிய நாட்டில் போய் வாழ்ந்தால் மனைவிக்கும் கூடவே உரிமை. அவளுக்கு ஐந்து வருஷக் கார்டு நேராகக் கிடைத்தது, தேர்வு எதுவும் இல்லாமல். அதே ஜெர்மன்காரர் ஜெர்மனியிலேயே இருந்திருந்தால், அவள் விமானம் ஏறும் முன்பே ஜெர்மன் மொழியில் ஆரம்பப் படியான ஏ-1 தேர்வு எழுதியிருக்க வேண்டும். சொந்த நாட்டில் இருப்பவனின் மனைவிக்குக் கடினம், அடுத்த நாட்டுக்குப் போனவனின் மனைவிக்கு எளிது. 1992-ல் சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு மனைவியின் சொந்த நாட்டிலும் அந்த உரிமை உண்டு என்று சொன்னது. ஐரோப்பிய பாஸ்போர்ட் என்று பொதுவாகப் பேசுவது அதனால்தான் தப்பு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த நாட்டில் குடித்தனம், இரண்டையும் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டையும் கார்டையும் மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். “வாயைத் திறந்தால் கார்டை ரத்து பண்ணிவிடுவோம்” என்பார்கள். அடி வேறு. எட்டு மாதம் அவள் அதை நம்பினாள். சேர்ந்து வாழ்வது நின்றால் கார்டு போகலாம் என்பது உண்மை. ஆனால் கணவனோ குடும்பத்தாரோ செய்த கொடுமையால் அது நின்றால் கார்டைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. கணவன் இறந்துபோனாலும் அப்படித்தான். அவள் 3919 என்ற எண்ணை அழைத்தாள். பெண்கள் மீதான வன்முறைக்கென்றே இருக்கும் இலவச எண் அது. போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள், கார்டும் புதுப்பித்துக் கிடைத்தது. அங்கே போகும் ஒவ்வொரு பெண்ணும் இந்த நான்கு இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏற வேண்டும்.

என்னிடம் வந்த பெற்றோரிடம் நான் சொன்னது இதுதான். மனையை விற்க வேண்டாம், விற்றால் அந்தப் பணம் பெண் பேரில் வங்கியில் இருக்கட்டும். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்து மயங்காமல் நேஷனாலிட்டி சான்றிதழைக் கேளுங்கள், அவருடைய வேலையையும் வீட்டு வாடகை ரசீதையும் கேளுங்கள். தகுதிச் சான்று வந்த பிறகு தேதி குறியுங்கள். நம் ஊரில் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இருக்கிறது, பெண்ணை முதலில் அங்கே அனுப்புங்கள். கல்யாணம் நின்றாலும் படிப்பு நிற்காது. தகப்பனார் எதுவும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாதான் ஒரு துண்டுச் சீட்டில் 3919 என்று எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். ‘மணமான உடன் பாஸ்போர்ட்’ என்ற வரியோடு வரும் விளம்பரத்தை வாங்காதீர்கள். அந்த வரியை நீக்கினால்தான் போடுவோம் என்று சொல்லுங்கள். என் மருமகளின் காகிதங்களின் நகல் ஒரு கோப்பாக என்னிடம் இருக்கிறது. பார்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு என் முகவரியை உங்கள் அலுவலகம் கொடுக்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.