வரவு எந்தத் தேதி, செலவு எந்தத் தேதி?

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளின் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மானியத்தை வெட்ட வேண்டும், விலையைச் சந்தையிடம் விட வேண்டும், மக்கள் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டால் வளர்ச்சி வந்து பசியைத் தீர்த்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். பாதி சரிதான். பெட்ரோல் மானியத்தில் பெரும்பங்கு கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் போகிறது. அதை எடுத்தால் நான் அழப்போவதில்லை.

ஆனால் நான் முப்பது வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். தொகையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்ப்பது தொழில் புத்தி. கட்டுரையில் சதவீதங்கள் நிறைய இருக்கின்றன, தேதி ஒன்றுகூட இல்லை. "கொஞ்ச காலம்" என்றால் எத்தனை நாள்? வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகிற வீட்டில் விலை ஏறினால் முதலில் ஒரு வேளை குறையும். அப்புறம் அம்மாவுக்குத் திடீரென்று பசிக்காமல் போகும். அப்புறம் ஆட்டை விற்பார்கள், விதைக்கு வைத்திருந்த தானியத்தில் கை வைப்பார்கள். இதெல்லாம் நடந்து முடிய ஆறு மாதமே அதிகம். பின்னால் வளர்ச்சி வந்தாலும் அந்த ஆடு திரும்பி வராது. இரண்டு வயதுக்குள் சத்தில்லாமல் குட்டையாகிப்போன குழந்தையும் அந்த உயரத்தைப் பெரும்பாலும் எட்டிப் பிடிப்பதில்லை.

எகிப்தில் 1977 ஜனவரி 17 அன்று மாவு, சர்க்கரை, அரிசி, சமையல் வாயு மானியங்களைக் குறைப்பதாக அறிவித்தார்கள். மறுநாள் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கலவரம், பல உயிர்ப்பலி. அதிபர் சதாத் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்.

இலங்கை இதைவிட நிதானமாகத்தான் செய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து எல்லோருக்கும் கொடுத்துவந்த பங்கீட்டு அரிசியை 1978இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1979இல் அதையும் நிறுத்திவிட்டு உணவு முத்திரை, அதாவது கடையில் கொடுத்து உணவுப் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு, கொடுத்தார்கள். யோசனையில் தவறில்லை, ஏழைக்கு மட்டும் உதவி போகட்டும் என்பதுதான். கோளாறு வேறு இடத்தில். அரிசியைக் கிலோ கணக்கில் கொடுத்தவரை விலை ஏறினாலும் தட்டில் விழுவது மாறாது. முத்திரையில் அச்சடித்திருந்ததோ ரூபாய். விலைவாசி ஏறிக்கொண்டே போக, முத்திரையின் ரூபாய் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு மூன்று வருஷத்தில் ஏறக்குறைய பாதி மதிப்பு கரைந்துவிட்டது. யாரும் எதையும் வெட்டவில்லை. எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடவில்லை. கணக்குப் பார்வையில் சொன்னால், பேரேட்டில் பதிவே இல்லாமல் நடந்த வெட்டு.

ஈரான் 2010இல் எரிபொருள், ரொட்டி மானியங்களை எடுத்தபோது தேதியைச் சரியாகப் பிடித்தது. விலை ஏறுவதற்கு முன்பே, பதிவு செய்துகொண்ட குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் வந்து உட்கார்ந்துவிட்டது. விலை ஏறுகிற நாள்வரை அதை எடுக்க முடியாது, ஆனால் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். தலைக்கு மாதம் 455,000 ரியால், அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். எகிப்து போல ஊர் பற்றி எரியவில்லை. ஆனால் அதே தொகையை வருஷக்கணக்காக மாற்றாமல் விட்டார்கள். வெளிநாடுகள் போட்ட பொருளாதாரத் தடைகளும் பணவீக்கமும் சேர்ந்து பத்து வருஷத்தில் வெளிச்சந்தை மதிப்பில் அதை இரண்டு டாலர் அளவுக்குத் தேய்த்துவிட்டன. இலங்கை செய்த அதே பிழை!

ஆப்பிரிக்க நாடான மலாவியைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிடங்கில் இருக்கும் தானியம் கடனுக்கு வாங்கியது, வட்டி ஏறுகிறது, கையிருப்பைக் குறைக்கலாம் என்று சர்வதேச நாணய நிதியம் ஆலோசனை சொன்னது. கணக்குப்படி நியாயம்தான், கிடங்கில் கிடக்கிற சரக்கு செலவுதானே. அரசு ஒரேயடியாகக் கிட்டத்தட்ட முழுவதையும் விற்றுவிட்டது. 2001 அறுவடை குறைந்தது. 2002 தொடக்கத்தில் மக்காச்சோள விலை பல மடங்கு ஏறியபோது கிடங்கு காலி. ஜனங்கள் முற்றாத பச்சைக் கதிரையே பறித்துத் தின்றார்கள். அப்படித் தின்பது அடுத்த அறுவடையைத் தின்பதுதான். நிதியம் அரசைக் கைகாட்டியது, அரசு நிதியத்தைக் கைகாட்டியது. செத்தவர் எத்தனை பேர் என்பதில்கூட இன்றுவரை ஒரே கணக்கு இல்லை.

சீர்திருத்தம் என்றாலே பசி என்று நான் சொல்லவரவில்லை. வியட்நாமும் சந்தைக்குத்தான் போனது. அங்கே 1988இல் கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். விளைச்சலில் கூடுதல் பங்கு உழுதவன் வீட்டுக்கே போனது. அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு 1989இல் 10 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. ஏழையின் கைக்கு முதலில் ஏதோ வந்தது, அதுதான் வித்தியாசம். நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு இந்த வழி உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனுக்குப் பணமோ தானியமோதான் வர வேண்டும், அதுவும் விலை ஏறும் முன்.

கட்டுரையாளர் பதில் எழுதுவதாக இருந்தால் விலை எந்தத் தேதியில் ஏறும், உதவி எந்தத் தேதியில் கைக்கு வரும், விலைவாசி ஏறினால் அந்தத் தொகையை யார், எப்போது உயர்த்துவார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இடம் போதாதென்றால் வளர்ச்சி விகித வரைபடத்தை எடுத்துவிடலாம், போன முறையே அது அரைப்பக்கம் அடைத்துக்கொண்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்