நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள பாப்பா,

மூன்று வாரத்துக்கு முன் நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உனக்கு அப்போது இரவு மணி மூன்று. நேரத்துக்குத் தூங்கு.

"கண் திறக்காமல் கிடந்த அந்த ஒன்பது நாளும் அம்மாவுக்கு நினைவு இருந்ததா அப்பா?" என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. அப்புறம் நீயும் பேசவில்லை.

மாண்டூக்கிய உபநிடதம் 12 மந்திரங்கள்தான். நனவு, கனவு, உறக்கம், இம்மூன்றுக்கும் அப்பாற்பட்ட துரியம் என உணர்வுக்கு நாலு நிலை சொல்கிறது. 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்கிறோமே, அந்த ஒன்றும் தெரியாமையைப் பார்த்திருந்தது யார் என்று அத்வைதிகள் கேட்பார்கள். அனுபவிக்காதது நினைவில் வராது, எனவே உறக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு என்பார்கள். அது நினைவே இல்லை, உடம்பின் தெளிவை வைத்து எழுந்தபின் செய்யும் அனுமானம் என்பார்கள் நியாயம் என்னும் தருக்க நெறியினர். பள்ளியில் படிக்கும்போதே நீ நியாயத்தின் பக்கம் நின்று என்னை மடக்கினாய். அன்று எனக்கு எவ்வளவு பெருமை! அப்படி வாதாடிய பெண் இப்போது எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுப் புழுங்குகிறாய். இரவில் கண் விழிக்காதே.

சைவ சித்தாந்தத்தின் கணக்கு வேறு. உயிரோடு சேர்ந்து இயங்கும் புலன், மனம், மூச்சு போன்றவற்றைக் கருவிகள் என்பார்கள். நனவில் 35 கருவிகள், கனவில் 25, உறக்கத்தில் சித்தம் (சிந்திக்கும் உள்ளம்), பிராணன் (மூச்சு), புருடன் (அனுபவிக்கும் நிலையில் உள்ள உயிர்) என 3. அத்வைதத்தில் உச்சியில் இருக்கும் துரியம், இங்கே உயிர் உள்ளே இறங்கும்போது உறக்கத்துக்கும் கீழே வருகிறது. பிராணனும் புருடனும் மட்டும். மூச்சு ஓடும், சித்தம் இராது. அம்மா அங்கேதான் இருந்தாள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏனென்றால், ஏழாம் நாள் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டே உன் சித்தப்பாவிடம், "இன்னும் எத்தனை நாள் இழுக்குமோ, என்னால் முடியவில்லை" என்றேன். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அவள் இடது கண்ணோரத்தில் ஒரு துளி இறங்கிக் காதுமடலில் போய் நின்றது. நீ துடைத்தாய். மருந்தால் வரும் நீர் என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சாட்சி இருந்தால் அவள் அதைக் கேட்டிருப்பாள் பாப்பா. அந்தப் பயத்தில்தான் உனக்கு எழுதவில்லை. ஆனால் அதே காதருகே குனிந்து ஒவ்வொரு ராத்திரியும் நீ பேசிக்கொண்டிருந்தாய். என்னுடையது கேட்டிருந்தால் உன்னுடையதும் கேட்டிருக்கும்.

தூங்கு. தூக்கம் வராவிட்டால் செய்தி அனுப்பாதே, கூப்பிடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா