வேதியியல் வட்டம், தருமபுரி: 2025ஆம் ஆண்டுக்கான செயலர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்தும் கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்தும் வந்துபோகும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் அறிக்கை வாசித்தே நேரம் போய்விடுகிறது என்று போன வருடம் பலரும் சொன்னதால் இந்த முறை முன்கூட்டியே போட்டுவிடுகிறேன். படித்துவிட்டு வந்தால் நேராக விவாதத்துக்குப் போய்விடலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் சமயத்தில் மட்டும் தள்ளிப்போனது. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், மாங்கூழ் ஆலை ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்கள், கிரானைட் தொழிலில் இருப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று கலந்துதான் வருகிறார்கள், அதுதான் நம் வட்டத்தின் பலம் என்று நினைக்கிறேன். மாணவிகள் வருவது இந்த ஆண்டு கூடியிருக்கிறது, அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டின் நடுவில் சில உறுப்பினர்கள் ஒரு யோசனை வைத்தார்கள். புதிய ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் தூய வேதியியலை விட்டுவிடலாம், பயன்பாட்டு வேதியியலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது அது. "நோபல் பரிசு யாருக்குக் கிடைச்சா நமக்கென்ன, நம்ம ஊரு தண்ணிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. பல்லில் பழுப்புக் கறையோடு பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை தினமும் பார்க்கும் ஆசிரியர் அவர். ஆனாலும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை, பொதுக்குழுவும் ஏற்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதை இந்த ஆண்டு நாம் பேசிய விஷயங்களை வைத்தே சொல்கிறேன்.

2025 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. எம்.ஓ.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லும் உலோக-கரிமச் சட்டகங்களுக்காக. உலோக அயனிகள் மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகள் கம்பிகளாகவும் அமைந்து, நடுவே பெரிய வெற்றிடங்கள் உள்ள படிகங்கள் இவை. ஒரு சில கிராமுக்குள்ளேயே ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு உட்பரப்பு இருக்கும், அதனால் வாயுக்களையும் நீராவியையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இது எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். 1974இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராப்சன் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்து காட்ட மர உருண்டைகளில் துளை போடச் சொல்லியிருக்கிறார். எந்தக் கோணத்தில் துளை இருக்கிறதோ, அந்தக் கோணமே உருண்டைகள் சேர்ந்து எந்த வடிவம் வரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது என்பது அப்போது அவருக்குத் தோன்றியது. வகுப்பு நடத்தும்போது வந்த யோசனை! அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் செப்பு அயனிகளையும் நான்கு கைகள் கொண்ட ஒரு மூலக்கூறையும் சேர்த்து, வைரம் போன்ற அடுக்கில் வெற்றிடம் நிறைந்த படிகத்தைச் செய்தார், 1989இல் வெளியிட்டார். அது எளிதில் சிதைந்துவிடக்கூடியதாக இருந்தது. கிடகாவா இதே பாதையில் போனபோது நிதி கொடுப்பவர்களுக்கு இதில் ஒரு பயனும் தெரியவில்லை, விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. பயனற்றதாகத் தெரிவதிலும் பயன் இருக்கலாம் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் விடாமல் செய்தார். 1997இல் வாயு உள்ளே போய் வெளியே வந்தாலும் கலையாமல் நிற்கும் சட்டகத்தைக் காட்டினார். யாகி 1999இல் எம்.ஓ.எஃப்.-5 என்ற மிக உறுதியான ஒன்றைச் செய்தார்.

யாகியைப் பற்றி மாணவர்கள் நிறையக் கேட்டார்கள். ஜோர்டானின் அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே அறை, நிறையப் பேர், கூடவே மாடுகளும். சிறுவனாக இருந்தபோது பள்ளி நூலகத்துக்குள் போய்ப் புரட்டிய புத்தகத்தில் இருந்த மூலக்கூறுப் படங்கள்தான் அவரை இழுத்திருக்கின்றன. பிற்பாடு அவருடைய குழு அரிசோனா பாலைவனத்தில் இரவில் காற்றிலுள்ள ஈரத்தைச் சட்டகத்துக்குள் பிடித்து, காலை வெயிலில் அதைத் தண்ணீராக இறக்கிக் காட்டியது. தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

இப்போது நம் தண்ணீர். நம் இரண்டு மாவட்டங்களும் பழைய கடினப் பாறை மேல் இருக்கின்றன. அந்தப் பாறையில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பிள்ளைகளின் பல்லில் அந்தப் பழுப்புக் கறையைக் கொண்டுவருவது தண்ணீரில் கூடிப்போன இந்த ஃபுளோரைடுதான். தண்ணீரில் பைகார்பனேட் கூடி, கால்சியம் குறைவாக இருந்தால் ஃபுளோரைடு கரைந்து அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் கால்சியம் போதுமான அளவு இருந்தால்தான் அது கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து கீழே இறங்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது, அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய், அதன் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. காவிரித் தண்ணீர் வரும் இடங்களில் பெரிய நிம்மதி. ஆனால் குழாயில் தண்ணீர் குறையும் நாளில் ஜனங்கள் போர் தண்ணீருக்குத்தான் போகிறார்கள், அதனால் நம் வேலை தீரவில்லை.

இந்த ஆண்டு பள்ளிகளில் செய்து காட்டிய சோதனைகளில் எல்லாருக்கும் பிடித்தது சிர்க்கோனியம்-அலிசரின் சோதனை. அலிசரின் சாயத்தோடு சிர்க்கோனியம் சேர்ந்தால் சிவந்த நிறம். ஃபுளோரைடு உள்ள தண்ணீரை ஊற்றினால் ஃபுளோரைடு சிர்க்கோனியத்தைப் பறித்துக்கொண்டு போய்விடும், சாயம் தனியாகி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு ஃபுளோரைடு. இதைப் பார்த்த ஒரு கல்லூரி மாணவி நல்ல கேள்வி கேட்டார்: படிகாரம் போட்டுச் சுத்தம் செய்த தண்ணீரில் இந்தச் சோதனை சரியாகக் காட்டுமா? காட்டாது. 1970களில் நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கிறோம், அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு திப்பியாக இறங்குகிறது. தண்ணீரில் கொஞ்சம் அலுமினியம் மிச்சமிருந்தால் அது இன்னும் கொஞ்சம் ஃபுளோரைடைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளும், சாயத்துக்கு அது தெரியாது, அளவு குறைவாகக் காட்டும். ஆய்வகத்தில் ஃபுளோரைடை உணரும் லாந்தனம் ஃபுளோரைடு படிக மின்வாயை வைத்து அளக்கும்போது அலுமினியத்தைத் தனியே பிடித்துக்கொள்ளும் ஒரு கரைசலை ஊற்றிவிட்டு அளப்பது இதற்காகத்தான். சுத்தம் செய்த தண்ணீரை வண்ணச் சோதனை மட்டும் செய்து "பயமில்லை" என்று சான்று கொடுக்கக்கூடாது, இதை எல்லா ஆசிரியர்களும் மனதில் வைக்க வேண்டும்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. அலுமினியத்துக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள அதே பிடிப்புதான் படிகாரத்தில் வேலை செய்கிறது, கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டியில் வேலை செய்கிறது, இப்போது அலுமினியமும் ஃபியூமாரிக் அமிலமும் சேர்ந்த எம்.ஓ.எஃப். சட்டகத்திலும் வேலை செய்கிறது. இந்தச் சட்டகம் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை மிக அதிகமாக உறிஞ்சுவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. சிர்க்கோனியமும் அப்படித்தான். 2008இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய யு.ஐ.ஓ.-66 என்ற சிர்க்கோனியச் சட்டகத்தையும் ஃபுளோரைடு நீக்கத்துக்குச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பள்ளிச் சோதனைக் குழாயில் நிறம் மாற வைத்த அதே வேதிப்பிணைப்பு. மர உருண்டையில் துளை போட்ட மனிதர் நம் பென்னாகரத்துப் பிள்ளைகளின் பல்லை நினைத்துப் போடவில்லை. ஆனால் அவர் போட்டிருக்காவிட்டால் இந்த வழி திறந்திருக்காது.

உடனே இதை வாங்கி மாட்டிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வகத்தில் ஃபுளோரைடு மட்டும் கலந்த தண்ணீரில் கிடைக்கும் எண் வேறு, பைகார்பனேட் நிறைந்த நம் போர் தண்ணீரில் கிடைப்பது வேறு. விலை இருக்கிறது, நிறைந்துபோன பொருளைத் திரும்பப் புதுப்பிப்பதும் அப்புறம் எங்கே கொட்டுவது என்பதும் இருக்கின்றன. புதுப் பொருள் பற்றிய செய்தியைப் படிக்கும்போது "எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள்?" என்று முதலில் கேட்கச் சொல்லி மாணவர்களைப் பழக்கி வருகிறோம், இந்த ஆண்டின் உருப்படியான வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஃபுளோரினைப் பற்றியே இன்னொன்றும் பேசினோம். மருந்துகள் முதல் நான்-ஸ்டிக் பூச்சு வரை தொழிலில் வேண்டிய ஃபுளோரின் எல்லாம் ஃபுளோர்ஸ்பார் கனிமத்தில், அதாவது அந்தக் கால்சியம் ஃபுளோரைடில், கந்தக அமிலம் ஊற்றி மிக ஆபத்தான ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாற்றித்தான் வந்துகொண்டிருக்கிறது. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெரோனிக் கூவெர்னர் குழு கனிமத்தை ஒரு பாஸ்பேட் உப்போடு சேர்த்துப் பந்து ஆலையில், அதாவது உள்ளே உருண்டைகள் மோதி அரைக்கும் கருவியில், அரைத்தே, அந்த அமிலம் வழியாகப் போகாமல், ஃபுளோரின் சேர்மங்களைச் செய்து காட்டியது. அரைப்பதால் நடக்கும் வேதிவினை என்பதால் கிரானைட் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர்கள் உற்சாகமாகக் கேட்டார்கள். அவர்களுக்கு இன்னும் பிடித்தது ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் டி. பிரதீப் குழு 2024இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டது. மின்னேற்றம் பெற்ற மிகச் சிறிய நீர்த்துளிகளுக்குள் குவார்ட்ஸ் துகள்கள் மில்லி விநாடிகளில் நானோ துகள்களாக உடைந்துபோகின்றன. பாறை மண்ணாவது எப்படி என்ற கேள்விக்கே இது புது வெளிச்சம். கண்ணெதிரே பாறையோடு வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான தூய வேதியியல் வேறு எது?

மாம்பழக் கூட்டம் கிருஷ்ணகிரியில் நடந்தது, கூட்டம் நன்றாகச் சேர்ந்தது. காயைப் பழுக்க வைக்கச் சிலர் போடும் கால்சியம் கார்பைடு கல் ஈரத்தில் அசிட்டிலீன் வாயு விடும், அதோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரலாம். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதற்குத் தடை, எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. எத்திலீன் பழமே தனக்குள் செய்துகொள்ளும் ஹார்மோன் என்பதும், அந்த எத்திலீன் போய் ஒட்டும் இடத்தை முன்பே அடைத்துவிடும் 1-எம்.சி.பி. என்ற சிறு மூலக்கூறு இருப்பதும், அதை சைக்ளோடெக்ஸ்ட்ரின் கூட்டுக்குள் வைத்துப் பொடியாக விற்பதும் மண்டிக்காரர்களுக்குப் புதிதாக இருந்தது. பெங்களூரா மாங்காய் ஒரே வாரத்தில் மொத்தமாக வந்து இறங்கி விலை விழுவதைத் தாங்க, பழுப்பதைத் தள்ளிப்போடும் வேதியியல் நம் விவசாயிகளுக்குப் பழுக்க வைக்கும் வேதியியலைவிட முக்கியம். இந்தக் கருத்தைச் சொன்னவர் ஒரு மண்டிக்காரர்தான், நான் முழுமனதாக ஏற்கிறேன்.

லித்தியம் மின்கலம் பற்றி ஒரு கூட்டம் வைத்தோம், போச்சம்பள்ளி, ஓசூர் பக்கம் இந்தத் தொழில் வந்திருப்பதால் மாணவர்கள் வேலைவாய்ப்பைக் குறித்தே அதிகம் கேட்டார்கள். புரதங்களின் வடிவத்தைக் கணினி கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு, அதற்கான 2024 நோபல் பரிசு பற்றி ஒரு ஆசிரியை அருமையாகப் பேசினார். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பற்றி, சவர்க்காரப் பொருள்கள் தண்ணீரின் பரப்பு இழுவிசையை என்ன செய்கின்றன என்ற அளவில் பேசியதோடு நின்றுவிட்டது. அதற்கு ஒரு முழுக் கூட்டம் வேண்டும், அடுத்த ஆண்டு வைக்கிறோம்.

பொதுக்குழு முன் வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. தூய வேதியியல் கூட்டங்கள் தொடர வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசி அரைமணி நம் ஊர் சார்ந்த கேள்விக்கு ஒதுக்க வேண்டும். யோசனை வைத்த உறுப்பினர்களிடம் பேசிவிட்டேன், இந்த வடிவத்துக்கு அவர்களும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து, போர் தண்ணீரை மழைக்கு முன்னும் பின்னும் என ஆண்டுக்கு இருமுறை ஒரே கிணறுகளில் எடுத்து ஃபுளோரைடு, கால்சியம், பைகார்பனேட் மூன்றையும் சேர்த்து அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஃபுளோரைடை மட்டும் அளந்து வைத்தால் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று பின்னால் எவராலும் சொல்ல முடியாது. மின்வாய்க் கருவி தரச் சம்மதித்திருக்கும் கல்லூரிக்கும், கூட்டங்களுக்கு மாடியை இலவசமாகக் கொடுக்கும் நூலகத்துக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

பொதுக்குழு அன்றைக்கே முதல் மாதிரிகளை வாங்கிக்கொள்கிறோம். பாலித்தீன் பாட்டிலில் கொண்டு வாருங்கள், கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. பாட்டிலை அதே தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டபின் பிடியுங்கள். ஊர்ப்பெயர், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி மூன்றையும் மேலே எழுதி ஒட்டுங்கள்.