மாற்றும் முன் எது மந்தம் என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன். புதிதாக வந்த எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) எவ்வளவு வேகம், எந்த கிராஃபிக்ஸ் கார்டு யாரை முந்தியது என்றெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் படிப்பவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் இருப்பது ஐந்தாறு வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர். அதில் எதை மாற்றினால் பலன் கிடைக்கும், எதை மாற்றினால் காசு வீண் என்று ஒரு வரிகூட வருவதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறதே என்று என் தங்கை, யாரோ சொன்னதைக் கேட்டு 8 ஜிபி ராமை (ஓடும் புரோகிராம்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரி) 16 ஆக்கினாள். ஒரு மாற்றமும் இல்லை. நான் போய் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எது எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 16 ஜிபியில் ஐந்துகூட முழுதாகச் செலவாகவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க். ஒரு சுற்றுக்கே 11 மில்லிவினாடி ஆகும், அதோடு தட்டைப் படிக்கும் முள் இடம் மாறும் நேரமும் சேர்ந்தால் வினாடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் தொட முடியாது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்க வேண்டும், அது எப்படித் தாங்கும்? ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் சாதாரண எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டோம். மூன்று நிமிடம் காக்க வைத்த லேப்டாப் இருபது வினாடியில் திறந்துகொண்டது. முதலிலேயே பார்த்திருந்தால் ராமுக்குக் கொடுத்த பணம் மிச்சம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு சுமார் 550 எம்பி படிக்கும், அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இ என்றால் 3500, புதியவை 7000 எம்பிக்கும் மேல் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொய்யில்லை, பெரிய வீடியோ ஃபைல்களைத் தினமும் இங்கும் அங்கும் மாற்றுகிறவருக்கு அது உதவும். பிரௌசரும் கணக்கு ஷீட்டும் திறப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போதுதான் அந்தப் பெரிய பாய்ச்சல். அப்புறம், எம்.2 என்பது எஸ்எஸ்டியைச் சொருகும் சின்ன அட்டை வடிவத்தின் பெயர்தான். அந்த ஸ்லாட் சில பழைய லேப்டாப்களில் சாட்டாவை மட்டும் ஏற்கும், என்விஎம்இ வாங்கிச் சொருகினால் அடையாளமே காணாது.

ராம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து டேப் திறந்ததும் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டுகிறதா, தாராளமாக வாங்குங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் என்றால் ஒரே 16ஐ விட இரண்டு 8 போடுவது நல்லது, கிராஃபிக்ஸும் அதே ராமைத்தான் பயன்படுத்தும், ராமுக்குப் போகும் இரண்டு சேனலும் (பாதையும்) சேர்ந்து வேலை செய்யும். டிடிஆர்4 ராமுக்கான ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்5 பொருந்தாது, சில மெல்லிய லேப்டாப்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்றவே வழியில்லை. பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு, தரத்துக்கு உத்தரவாதம் அல்ல.

கேபிள் விஷயம் இதைவிட மோசம். வேகமான வெளி எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு, போனோடு வந்த சார்ஜிங் கேபிளில் மாட்டி, வினாடிக்கு 40 எம்பிதான் வருகிறது, டிஸ்க் டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும். டைப்-சி முனை இருந்தாலும் பல சார்ஜிங் கேபிள்களுக்குள்ளே ஓடுவது யுஎஸ்பி 2.0 தான், வினாடிக்கு 480 மெகாபிட்டோடு (கணக்குப்படி 60 எம்பி) சரி. யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றுமே ஒரே 5 ஜிகாபிட் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் இந்தக் கேள்விகள் இன்னும் அவசரமாகிவிட்டன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத, பிராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் வராத கம்ப்யூட்டரில் எவ்வளவு ராம் ஏற்றினாலும் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி வராது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு ஓட்டலாம், அல்லது அந்தப் பணத்தைப் புதியதற்கு ஒதுக்கலாம். பணம் போட்ட பிறகு இது தெரிந்து மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, புதிய பொருள் ஒன்றைப் பற்றி எழுதும்போது அது எந்தப் பழைய கம்ப்யூட்டரில் பொருந்தும், அன்றாட வேலையில் என்ன மாறும், யாருக்குத் தேவையில்லை என்று அதன் கீழேயே நான்கு வரி போடுங்கள். டாஸ்க் மேனேஜரை எப்படிப் படிப்பது என்று ஒரு வாரம் படத்தோடு விளக்கினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்